அறுநூற்று ஐம்பது சொற்கள்

2007 ஓகஸ்ட் மாதம் ஜேர்மனி தன் குடிவரவுச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அங்கே வாழும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விரும்புகிறவர், சில விலக்குகள் நீங்கலாக, விமானம் ஏறுவதற்கு முன்பே எளிய ஜேர்மன் பேசத் தெரிந்தவராக இருக்கவேண்டும். அதற்குச் சான்று ‘ஏ1’ எனப்படும் முதற்படித் தேர்வு. 2010 நவம்பரில் பிரித்தானியாவும் ஆங்கிலத்துக்கு அதே படியைக் கேட்கத் தொடங்கியது.

எங்கோ எழுதப்பட்ட இந்தச் சட்டவரிகள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீடுகளுக்குள் வந்து சேர அதிக காலம் எடுக்கவில்லை. கலியாண எழுத்து முடிந்தாயிற்று, மாப்பிள்ளை ஜேர்மனிக்குத் திரும்பிவிட்டார், பெண் ஊரில் இருக்கிறார். ஏ.எல். சோதனையோடு பாடமாக்குகிற வேலை தீர்ந்தது என்று நினைத்திருந்தவர் மறுபடியும் கொப்பியும் பேனையுமாக உட்காருகிறார். வெளிநாட்டு உறவினர்கள் ‘டொச்’ என்று சொல்லும் மொழி இப்போது அவருடைய மேசைக்கு வந்துவிட்டது. சில மாதம் படித்துவிட்டு, கொழும்பில் உள்ள கோத்தே நிறுவனத்தில் தேர்வு எழுத அவர் தெற்கே ரயிலேறவேண்டும். நூறு புள்ளிக்கு அறுபது எடுத்தால் சித்தி.

கோத்தே நிறுவனம் இந்தத் தேர்வுக்கு ஒரு சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அதில் ஏறத்தாழ 650 சொற்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சிறிதுதான். யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைற் பாதிரியார் தொடக்கிவைத்து, மிறன் வின்ஸ்லோ 1862இல் சென்னையில் அச்சேற்றிய தமிழ் ஆங்கில அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அதோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்கு. ஆனால் எந்தக் குழந்தையும் தன் முதல் 650 சொற்களை மூன்று மாதக் கெடு வைத்துக் கற்பதில்லை.

அந்தச் சொற்களைப் பாடமாக்க நம் பிள்ளைகளுக்குப் பழகிப்போன வழி ஒன்று உண்டு. கொப்பியில் மூன்று நிரல் அடிப்பது. முதல் நிரலில் ஜேர்மன் சொல், அடுத்ததில் அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில், மூன்றாவதில் பொருள். விடிய நாலு மணிக்கு எழும்பி, மேலிருந்து கீழாகச் சத்தமாக வாசிப்பது. முடிந்ததும் மறுபடி மேலிருந்து. மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போன தலைமுறை இருக்கும் ஊரில், இந்த உழைப்பைக் குறைசொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனாலும் சொல்லியாகவேண்டும்: வேற்றுமொழிச் சொற்களை மனத்தில் நிறுத்துவதற்கு உள்ள வழிகளில் வீண்செலவு அதிகமானது இதுதான்.

ஏன் என்பதற்கு விடை தேடினால் 140 ஆண்டுக்கு மேல் பின்னே போகவேண்டும்.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் உளவியலாளருக்கு மறதியை அளக்க ஆசை. நினைவைப் பற்றி அதுவரை தத்துவவாதிகள் பேசியிருந்தார்கள். யாரும் அளந்து பார்த்ததில்லை. கவிதையையோ உரைநடையையோ பாடமாக்கிச் சோதிக்கலாம் என்றால், ஒருவருக்கு முன்பே தெரிந்த சங்கதிகள் அதில் குறுக்கிடும். ஆகவே பொருளே இல்லாத அசைகளை அவர் உண்டாக்கினார். இரண்டு மெய்யெழுத்துக்கு நடுவே ஓர் உயிர். அப்படி 2,300 அசைகள். சோதனைக்கு ஆளும் அவரே. தாளக்கருவியின் தட்டுக்கு ஏற்ப, ஒரே சீரான வேகத்தில் அசை வரிசைகளை வாசிப்பார். பிழையில்லாமல் சொல்ல எத்தனை தடவை தேவைப்பட்டது என்று குறிப்பார். இடைவெளி விட்டு, அதே வரிசையை மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்ப்பார். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்துவிட்டு 1885இல் நூலாக வெளியிட்டார்.

முதல்முறை கற்க 100 நிமிடம் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடம் கழித்து அதையே திரும்பக் கற்கும்போது 58 நிமிடம் மிச்சமானது. ஒரு மணி நேரம் கழித்து என்றால் 44. ஒரு நாள் கழித்து 34. ஆறு நாள் கழித்து 25. ஒரு மாதம் போனபின்னும் 21. மறதி ஒரே சீராக நடப்பதில்லை என்பதை இந்த எண்கள் முதன்முறையாகக் காட்டின. முதல் மணி நேரத்தில் பாதிக்குமேல் கரைந்துவிடுகிறது. பிறகு எஞ்சியது மெதுவாகத்தான் தேய்கிறது. அம்ஸ்டர்டாம் ஆய்வாளர் இருவர் 2015இல் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கோடு ஏறக்குறைய அதே வளைவில்தான் வந்தது.

எபிங்ஹவுஸின் நூலில் இன்னொரு கணக்கும் உண்டு. மறதிக் கோட்டை எல்லோரும் படம்போட்டுக் காட்டுவார்கள். இதை அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. படிக்கிறவருக்கு அதைவிடப் பயன் தருவது இந்தக் கணக்குத்தான். பன்னிரண்டு அசைகொண்ட ஒரு வரிசையை ஒரே இருப்பில் 68 தடவை வாசித்தால், அடுத்த நாள் எவ்வளவு எளிதாக அதைத் திரும்பக் கற்கலாமோ, அதே எளிமை மூன்று நாளுக்குப் பிரித்து வாசித்த 38 தடவையில் கிடைத்துவிட்டது. அதாவது முப்பது தடவை மிச்சம். விடியற்காலையில் ஒரே மூச்சில் திரும்பத் திரும்ப வாசிக்கிறவர், அந்த வாசிப்பைச் சில நாளுக்குப் பங்கிட்டிருந்தால் குறைந்த உழைப்பில் முடித்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்துக்குச் சொல் பாடமாக்குவது புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் இலக்கியம் படிக்கப் புகுந்த பிள்ளை முதலில் நிகண்டைப் பாடமாக்கவேண்டும். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு அவற்றுள் பேர்பெற்றது. நல்லூர் ஆறுமுக நாவலர் 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனபோது அங்கே முதலில் பதிப்பித்தவற்றில் அந்த நிகண்டின் உரையும் ஒன்று. பாடநூல் என்ற அளவில் அதற்கு அவ்வளவு தேவை இருந்தது.

நிகண்டு விருத்தப்பாவில் அமைந்தது. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பன்னிரண்டு தொகுதி. ஒரு சொல்லின் பல பொருளைச் சொல்லும் பதினோராம் தொகுதியில் சொற்களை எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். ஒலி ஒத்த சொற்கள் கைகோத்து வரும். ஒன்று நாவில் ஏறினால் அடுத்தது தானாக வரும். தாளும் அச்சும் அரிதாக இருந்த காலத்தில் ஓர் அகராதியையே மனிதர் நாவில் தூக்கித் திரியவைத்த ஏற்பாடு இது. இதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளிவிடுகிறவர்கள் அதன் பொறிமுறையைக் கவனித்திருக்கமாட்டார்கள்.

ஆனால் அந்தப் பொறிமுறைக்கு ஓர் எல்லை உண்டு. வரிசையில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்கு முந்திய சொல்தான் வழிகாட்டி. நடுவில் ஒன்றைத் தனியே பிடுங்கிக் கேட்டால், பிள்ளை மனதுக்குள் பாட்டின் முதலடிக்கு ஓடிப்போய், அங்கிருந்து சொல்லிக்கொண்டே வந்துதான் விடை தரும். செய்யுளுக்கு உரை காண்கிறவருக்கு இதனால் நட்டமில்லை. அவருக்கு நேரம் இருக்கிறது. எதிரே இருப்பவர் ஒரு கேள்வி கேட்டு இரண்டு வினாடியில் பதிலை எதிர்பார்க்கும்போது நிலைமை வேறு.

மூன்று நிரல் கொப்பிக்கும் இதே குறை. யாப்பு தரும் பிடிமானம் மட்டும் அதில் இல்லை. பக்கத்தின் நடுவில், நீல மையில், மேலிருந்து ஏழாவது என்று அந்தச் சொல் இருக்கும் இடமே அதற்கு அடையாளமாகிவிடுகிறது. கொப்பியில் பார்த்தால் எல்லாம் தெரியும். கொப்பியை மூடினால் பாதிதான் தெரியும். அந்தப் பட்டியலைத் துண்டுதுண்டாக வெட்டிக் கலைத்துப்போட்டால்தான் எது உண்மையில் மனத்தில் இருக்கிறது என்பது வெளிவரும்.

அந்தத் துண்டுகள்தான் ‘பிளாஷ் கார்ட்’ என்று சொல்லப்படும் சொல்லட்டைகள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜேர்மன். எளிய பொருள்தான். அதன் வேலை எங்கே நடக்கிறது என்பதை ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது.

2008இல் ‘சயன்ஸ்’ இதழில் ஜெஃப்ரி கார்ப்பிக்கே, ஹென்றி றோடிகர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு 40 சுவாகிலிச் சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் கொடுக்கப்பட்டன. எல்லோரும் வாசித்தார்கள், சோதிக்கப்பட்டார்கள், மறுபடி வாசித்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்னபின் அந்தச் சொல்லை என்ன செய்வது என்பதில்தான் வேறுபாடு. ஒரு குழு அதை மேலும் வாசிக்கவில்லை, சோதனையில் மட்டும் தொடர்ந்து சொல்லிப் பார்த்தது. இன்னொரு குழு தொடர்ந்து வாசித்தது, அதில் சோதிக்கப்படவில்லை. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது சொல்லிப் பார்த்தவர்களுக்கு 80 சதவீதம் அளவு நினைவிருந்தது. வாசித்தவர்களுக்கு 36 சதவீதம்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஒரு வாரத்தில் எத்தனை நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுவினரும் ஏறத்தாழப் பாதி என்றே சொன்னார்கள். எந்த வழி தமக்கு உதவுகிறது என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அடுத்த ஆண்டு நேற் கோர்னெல் சொல்லட்டைகளை வைத்தே செய்த சோதனையும் இதை உறுதிப்படுத்தியது. இடைவெளி விட்டுப் படித்தது 90 சதவீதமானவர்களுக்குக் கூடிய பலன் தந்தது. ஆனாலும் 72 சதவீதமானவர்கள் ஒரேயடியாக அடுக்கிப் படித்ததே நல்ல வழி என்று நம்பினார்கள். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது சொல் கண்ணுக்குப் பழகுகிறது. பழகியதைத் தெரிந்தது என்று மனம் கணக்கெழுதிவிடுகிறது. இடைவெளி விட்டுச் சொல்லிப் பார்ப்பவருக்கோ அடிக்கடி தடுக்கும். தடுக்கும்போது படிப்பு ஏறவில்லை என்று தோன்றும். அந்தத் தடுமாற்றத்தில்தான் நினைவு இறுகுகிறது என்று றொபேட் பியோர்க் போன்ற ஆய்வாளர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்த உண்மை ஓரளவு தெரிந்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஏட்டை மூடிவைத்துவிட்டு வாத்தியார் முன்போ சட்டாம்பிள்ளை முன்போ பாடத்தை ஒப்புவிக்கவேண்டும். ஒப்புவிக்காமல் வீட்டுக்குப் போகமுடியாது. பிரம்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அது நாள்தோறும் நடந்த மீட்டல் சோதனை. பிற்காலத்து ரியூசன் கொட்டில்கள் அச்சடித்த நோட்ஸைக் கையில் கொடுத்து, ஒப்புவிப்பதை வீட்டுக்குத் தள்ளிவிட்டன. வீட்டில் ஒப்புவிக்க ஆளில்லாத பிள்ளை வாசிக்கிறது.

சொல்லட்டை, ஒப்புவிக்க ஆளில்லாதவருக்கான வாத்தியார். ஆனால் எந்த அட்டையை எப்போது கேட்பது? 650 அட்டையையும் தினமும் புரட்ட முடியாது. புரட்டினாலும் தெரிந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டு நேரம் போகும். இதற்கு எளிய தீர்வு சொன்னவர் செபஸ்தியான் லைட்னர். ஒஸ்திரியாவில் பிறந்த இந்த எழுத்தாளர் 1972இல் வெளியிட்ட நூலில் ஒரு பெட்டியை விவரித்தார். அதில் ஐந்து அறை. புதிய அட்டை எல்லாம் முதல் அறையில். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். பிழைத்தால், எந்த அறையில் இருந்தாலும், முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்கவேண்டும், மற்றவற்றை அறை தள்ளத் தள்ள நாள் கூட்டிப் பார்க்கவேண்டும். தெரிந்த சொற்கள் பின்னறைகளில் போய்க் கிடக்கும். அடம்பிடிக்கும் சொற்கள் தினமும் கண்ணில் படும். யாரும் திட்டம் போடாமலே படிப்பு தேவையான இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இதைச் செய்யச் செலவு மிகக் குறைவு. ஒரு சப்பாத்துப் பெட்டி, தடுப்புக்கு மட்டை. கடையில் வாங்கும் பிறிஸ்டல் போட் 22க்கு 28 அங்குலத் தாளானால் 2க்கு 3 அங்குல அட்டை 99 வெட்டலாம்; ஏழு தாளில் முழுப் பட்டியலும் அடங்கும். மறுபக்க எழுத்து வெளிச்சத்தில் தெரியாத தடிப்பு இருந்தால் போதும்.

வேலைப்பளுவையும் கணக்குப் பார்க்கலாம். நாளுக்கு 10 புதிய சொல். ஒவ்வொரு சொல்லையும் முதல் நாளிலிருந்து எண்ணி 1, 3, 7, 16, 35 நாள் கழித்துக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் தாண்டியதும் எந்த ஒரு நாளிலும் பழைய சொல் 50, புதிய சொல் 10. பிழைத்தவை சிறிது கூடும். ஓர் அட்டைக்குப் பத்து வினாடி என்றாலும் கால் மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. 65 நாளில் பட்டியல் தீர்ந்துவிடும். மிஞ்சிய நாட்கள் மீட்டலுக்கு.

இடைவெளி சரியாக எத்தனை நாள் இருக்கவேண்டும் என்பதில் ஆய்வாளர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. போல் பிம்ஸ்லர் 1967இல் 5 வினாடியில் தொடங்கி, 25 வினாடி, 2 நிமிடம் என்று விரிந்து 2 ஆண்டுவரை போகும் ஓர் அட்டவணை கொடுத்தார். 2008இல் 1,300க்கு மேற்பட்டவர்களை வைத்து நிக்கொலஸ் செப்பேடாவும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு, விடை தேர்வு நாளைப் பொறுத்தது என்று காட்டியது. ஒரு வாரத்தில் சோதனை என்றால் முதல் மீட்டலுக்கு ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளி நல்லது; சோதனை ஓர் ஆண்டு தள்ளி என்றால் மூன்று வாரம் விடலாம். ஆகவே மேலே சொன்ன 1, 3, 7 எல்லாம் கல்லில் வெட்டிய எண்கள் இல்லை. இரண்டொரு நாள் பிசகினால் குடிமுழுகாது.

எண்களைக் கணினியிடம் விட்டுவிடவும் வழி இருக்கிறது. போலந்தில் மாணவராக இருந்த பியோட்டர் வொஸ்னியாக் தன் சொந்த ஆங்கிலச் சொல் படிப்புக்காக இடைவெளிகளைக் கணக்கிடத் தொடங்கி, 1987இல் அதைக் கணினி நிரலாக்கினார். அந்தக் கணக்குமுறையை அடிப்படையாக வைத்து டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட ‘ஆங்கி’ இன்று அன்ட்ரொயிட் போனில் இலவசமாகக் கிடைக்கிறது. உச்சரிப்பின் ஒலியையும் அதில் சேர்க்கலாம்; அது காகித அட்டையால் முடியாத காரியம். ஆனால் வேறொருவர் செய்துவைத்த அட்டைக்கட்டை இறக்கிப் புரட்டுவதைவிட, தானே தேர்ந்து எழுதிய அட்டையே மேல் என்பது இதை எழுதுபவரின் பக்கச்சார்பு. எழுதும்போதே ஒரு தடவை படித்தாகிவிடும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு இருந்த நாட்களைக் கண்டவர்களுக்குச் சப்பாத்துப் பெட்டியின் அருமையைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

இனி, அட்டையில் என்ன எழுதுவது?

தமிழ்ப் பிள்ளைகள் சறுக்கும் முதல் இடம் ஜேர்மன் பெயர்ச்சொல்லின் பால். தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது. ஜேர்மனில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே ஒட்டியிருக்கிறது. சாப்பாட்டு மேசையிலேயே மூன்றும் உண்டு: கரண்டி ஆண்பால், ‘டெர் லொஃபெல்’, முள்ளுக்கரண்டி பெண்பால், ‘டீ காபெல்’, கத்தி அஃறிணைபோல ‘டாஸ் மெசர்’. சிறுமியைக் குறிக்கும் ‘மெட்ஷென்’ என்ற சொல்லுக்கும் ‘டாஸ்’தான். இதற்குக் காரணம் தேடிப் பொழுதைக் கழிக்காமல், சொல்லோடு சேர்த்தே பாடமாக்கவேண்டும். டெர் நீலம், டீ சிவப்பு, டாஸ் பச்சை என்று நிறப் பேனையால் எழுதுவது பலர் கையாளும் வழி.

இரண்டாவது, திசை. ஜேர்மன் பக்கத்தைப் பார்த்துத் தமிழ்ப் பொருளைச் சொல்வது எளிது; அதனால் எல்லோரும் அந்தப் பக்கமே புரட்டுவார்கள். வாசிக்கவும் கேட்கவும் அது போதும். பேச வேண்டுமென்றால் தமிழைப் பார்த்து ஜேர்மனைச் சொல்லவேண்டும், அதுவும் வாய்விட்டு. ஏ1 வாய்மொழித் தேர்வின் ஒரு பகுதியில் மேசைமேல் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். தேர்வர் ஒன்றை எடுப்பார். ‘சாப்பாடும் குடிபானமும்’ என்ற தலைப்பின் கீழே ‘காலைச் சாப்பாடு’ போல ஒரு ஜேர்மன் சொல் இருக்கும். அதை வைத்து அவர் உடனே ஒரு கேள்வி கேட்கவேண்டும். பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லவேண்டும். எந்த அட்டை வரும் என்று யாருக்கும் தெரியாது. கொப்பி வரிசைக்கு அங்கே வேலையில்லை.

மூன்றாவது, நினைவுக்கொழுக்கி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் றிச்சர்ட் அற்கின்சனும் மைக்கல் றோவும் 1975இல் வெளியிட்ட சோதனையில், 120 ரஷ்யச் சொற்களை ஒலி ஒத்த ஆங்கிலச் சொல்லோடும் ஒரு மனப்படத்தோடும் இணைத்துக் கற்றவர்கள் 72 சதவீதம் சொன்னார்கள். மற்றவர்கள் 46 சதவீதம். தமிழருக்கும் இது கைகொடுக்கும். மணிக்கூட்டுக்கு ஜேர்மன் சொல் ‘ஊர்’ என்றே காதில் விழும். ஊர் நடுவே நிற்கிற மணிக்கூடு என்று யாழ்ப்பாண நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தை ஒருமுறை நினைத்துக்கொண்டால் அந்தச் சொல் பிறகு போகாது. முட்டைக்கு ‘ஐ’, ஐந்து முட்டை. 650க்கும் இப்படித் தேடிக்கொண்டிருந்தால் தேர்வு வந்துவிடும். முதல் அறைக்குத் திரும்பத் திரும்ப விழும் பிடிவாதக்காரச் சொற்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது நல்லது.

நாலாவதைக் கேட்டால் ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பாடப்புத்தகங்கள் பழம் எல்லாம் ஒரு பக்கம், நிறம் எல்லாம் ஒரு பக்கம், உடுப்பு எல்லாம் ஒரு பக்கம் என்று கொடுக்கின்றன. தொண்ணூறுகளில் தோமஸ் டிங்கமும் றொப் வாரிங்கும் தனித்தனியே செய்த சோதனைகளில், அப்படி ஓரினச் சொற்களை ஒன்றாகக் கற்றவர்களுக்குக் கூடிய நேரம் பிடித்தது. சிவப்பும் பச்சையும் ஒரே நாளில் வந்தால் எது எது என்று குழம்புகிறது. நிகண்டும் சொற்களை இனவாரியாகத்தான் அடுக்கியது. அங்கே யாப்பு குழப்பத்தைத் தடுத்திருக்கவேண்டும். அட்டைக்கு யாப்பில்லை. ஆகவே பத்துச் சொல் எடுக்கும்போது ஒரு நிறம், ஒரு பழம், ஒரு வினை என்று கலந்து எடுப்பதே புத்தி.

மீட்டலை இரவில் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் வைத்துக்கொள்வதற்கும் ஆதாரம் உண்டு. 2016இல் பிரெஞ்சு ஆய்வாளர் குழு ஒன்று சுவாகிலிச் சொற்களைக் கற்பித்தபோது, இரண்டு தடவைக்கும் நடுவே தூங்கி எழுந்தவர்களுக்கு மறுபடி கற்கப் பாதி முயற்சியே போதுமாக இருந்தது. ஆறு மாதம் கழித்தும் அவர்களே முன்னே நின்றார்கள். நாலு மணிக்கு எழும்புகிற பழக்கத்தைக் கைவிடவேண்டாம். முதல்நாள் இரவு படுக்கப்போகுமுன் அந்த அட்டைகளை ஒருமுறை பார்த்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இத்தனையும் செய்தால் மொழி வந்துவிடுமா? வராது. மானிப்பாயில் 1875இல் பிறந்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசருக்கு எழுபதுக்கு மேற்பட்ட மொழி தெரியும் என்று யாழ்ப்பாணத்தில் பெருமையாகச் சொல்வார்கள். ரயில்வேயில் எழுதுவினைஞராக வேலை பார்த்துவிட்டுக் குருவானவரான அவர், தமிழ்ச் சொற்களைப் பிறமொழிச் சொற்களோடு ஒப்பிட்டு ஒரு பேரகராதி எழுத முனைந்தார். 1947இல் காலமாகும்வரை அதில் உழைத்தார். ஓர் ஒப்பியல் அகராதிக்காரர் ஒரு மொழியை அறிவதும், பெர்லின் பேக்கரியில் பாண் வாங்குகிறவர் அதை அறிவதும் ஒன்றல்ல. முன்னவருக்குச் சொல்லின் வேரும் வடிவமும் வேண்டும். பின்னவருக்கு வாக்கியமும் வேகமும் வேண்டும். அட்டை சொல்லைத் தரும். வாக்கியத்தைத் தர, அட்டையின் ஜேர்மன் பக்கத்தில் தனிச்சொல்லுக்குக் கீழே நாலைந்து சொல்லில் ஒரு சிறு வாக்கியமும் இருக்கவேண்டும். வேகத்தைத் தர எதிரில் ஒரு மனிதர் வேண்டும். வட்ஸ்அப்பில் தினமும் கூப்பிடுகிற மாப்பிள்ளை, அதில் பத்து நிமிடத்தையாவது ஜேர்மனில் பேசினால் எந்த வகுப்பாலும் தரமுடியாத உதவியாக இருக்கும்.

தேர்வில் சித்தியடைந்த அன்றே பெட்டியைத் தூக்கிப் பரணில் போடுவதுதான் வழக்கம். விசாவுக்கான காத்திருப்பு மாதக்கணக்கில் நீளலாம். அதற்குள் எபிங்ஹவுஸின் கோடு தன் வேலையைச் செய்துவிடும். நினைவாய்வாளர் ஹரி பாரிக்கும் மனைவியும் இரு மகள்மாரும் தங்களையே சோதனைக்கு உட்படுத்தி ஒன்பது ஆண்டு நடத்திய ஆய்வு 1993இல் வெளிவந்தது. ஒவ்வொருவரும் 300 வேற்றுமொழிச் சொல் கற்றார்கள். 56 நாளுக்கு ஒருமுறை என்று 13 தடவை மீட்டியது, 14 நாளுக்கு ஒருமுறை என்று 26 தடவை மீட்டியதற்கு ஈடான பலனை ஆண்டுகள் கழித்தும் தந்தது. நீண்ட இடைவெளியில் சொல் ஏறுவதற்குத் தொடக்கத்தில் கூடிய சிரமம் இருந்தது என்பதும் உண்மை. தேர்வுக்கு முன் அந்த இடைவெளி பொருந்தாது. தேர்வு முடிந்தபின் தாராளமாகப் பொருந்தும்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடைசி அறையைத் திறந்து பார்த்தால் போதும்.

ஜேர்மனியில் போய் இறங்கியவுடன் காத்திருப்பது ஒருங்கிணைப்புப் பாடநெறி. மொழிக்கு 600 பாடவேளை, நாட்டைப் பற்றி 100 பாடவேளை. எட்டவேண்டிய படி ‘பி1’. கோத்தே நிறுவனத்தின் பி1 பட்டியலில் ஏறத்தாழ 2,400 சொற்கள் இருக்கின்றன. 650 போக மிச்சம் 1,750. நாளுக்குப் பத்து வீதம் 175 நாள். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே அவற்றில் ஒரு பகுதியைத் தொடங்கிவிடலாம். பெட்டியும் அட்டையும் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன.